கல்லூரியின் பிணிக்கு ஒரு பந்தாட்டம்

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மும்பாய் நகரிற் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் சபை, 2028 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெறவுள்ள விழாவிற் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் இடமளிப்பதெனத் தீர்மானித்தது. 1900 இல் பாரிஸில் ஒருமுறை ஆடப்பட்டு மறைந்துபோன கிரிக்கெட் மீண்டும் ஒலிம்பிக் அரங்குக்கு வருகின்றது என்ற செய்தி கேட்டு நம்மவர் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியில், அதே தீர்மானத்தில் அதன் அருகே எழுதப்பட்டிருந்த வேறொரு பெயரைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. லக்ரோஸ் என்பது அப்பெயர். 1904 இலும் 1908 இலும் பதக்கத்துக்காக ஆடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட இவ்வாட்டம், 120 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பதக்கத்துக்குரிய ஆட்டமாகின்றது.

நுனியில் வலை பின்னிய நீண்ட தடியொன்றினாற் சிறிய இரப்பர்ப் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஓடி, எதிர்ப்பக்கத்தாரின் இலக்கினுட் செலுத்துவதே லக்ரோஸ். 110 யார் நீளமும் 60 யார் அகலமும் கொண்ட மைதானத்திற் பக்கத்துக்குப் பதின்மர் ஆடுவர். ஆடவர் ஆட்டத்தில் உடலோடு உடல் மோதுவதற்கும், பந்தை வைத்திருப்பவனின் தடியைத் தட்டிப் பறிப்பதற்கும் விதி இடங்கொடுக்கின்றது. ஆகையால் தலைக்கவசம், கையுறை, தோட்காப்பு என்பனவெல்லாம் வேண்டும். இவை மலிவான பொருள்களல்ல என்பதை வாசகர் இப்பொழுதே மனத்திற் குறித்துக்கொள்வது நன்று.

ஐக்கிய அமெரிக்காவிற் சிறு கல்லூரிகளின் நிருவாக சபைகள் பல, கடந்த இருபது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிவருகின்றன. நமது கல்லூரியில் ஆடவர் லக்ரோஸ் கோஷ்டி ஒன்றை அமைப்போமா, விடுவோமா என்பதே பேச்சு. கேட்பவருக்கு இது உடற்பயிற்சி ஆசிரியர் முடிவுசெய்யவேண்டிய சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால், சரித்திர ஆசிரியரும் இரசாயன ஆசிரியரும் நிதியாளரும் நூலகரும் ஒரே மேசையில் இருந்து வாதிடுகின்ற கேள்வியாக அது அங்கே மாறியிருக்கின்றது. ஏன் அவ்வாறாயிற்று என்பதைப் பார்க்குமுன், ஆட்டத்தின் பிறப்பைச் சிறிது சொல்லவேண்டும்.

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் வெள்ளையர் அல்லர். இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியிலும் கனடாவின் தென்கிழக்கிலும் வாழ்கின்ற பூர்வகுடி மக்களின் செல்வம் இது. பிரெஞ்சுக்காரர் இரோக்குவா என்று அழைத்த அவ்வினத்தார் தம்மை ஹோடினஷோனி என்று சொல்லிக்கொள்வர். படைத்தவனே தந்த ஆட்டம் என்பதும், பிணி தீர்க்கும் மருந்தாட்டம் என்பதும் அவர்களுடைய கொள்கை. ஒருவர் நோயுற்றால் அவருக்காக ஊர் ஆடவர் திரண்டு ஆடுவர். எப்பக்கம் வென்றது என்பதிலும் பார்க்க, ஆட்டம் ஆடப்பட்டது என்பதே அப்போது பெரிது. 1636 இல் ஹியூரன் மக்களிடையே வாழ்ந்த பிரெபெவ் என்ற பிரெஞ்சு யேசுசபைத் துறவி, நோயாளியின் நலத்துக்காக இவ்வாட்டத்தை ஆடும்படி மந்திரவாதி கட்டளையிடும் வழக்கத்தைத் தம் அறிக்கையிற் குறித்திருக்கின்றார். துறவியாருக்கு அது வெறும் மூடநம்பிக்கையாகவே பட்டது. ஆயினும் எழுதிவைத்தாரே, அதற்காக நாம் அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

மருந்தாக மட்டுமன்றிப் படைக்கலமாகவும் ஒருமுறை இவ்வாட்டம் பயன்பட்டது. 1763 ஜூன் 2 ஆம் நாள், மிச்சிலிமாக்கினா என்ற பிரித்தானியக் கோட்டையின் வாயிலுக்கு வெளியே ஒஜிப்வே இனத்தார் ஆடிக்கொண்டிருந்தனர். படைவீரர் வேடிக்கை பார்த்து நின்றனர். பந்து கோட்டைப் பக்கம் பறந்தது. அதனைத் தொடர்ந்து ஆட்டக்காரர் உள்ளே ஓடினர். போர்வைக்குள் ஆயுதங்களை மறைத்து நின்ற பெண்களிடமிருந்து அவற்றை வாங்கிக்கொண்டு, கோட்டையைக் கைப்பற்றினர்.

பின்னர் நடந்தது, பல நாடுகளிற் பல கலைகளுக்கு நேர்ந்த கதையே. மொன்றியல் நகரத்துப் பல்வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் என்பவர் ஆட்டத்துக்கு விதிகளை வகுத்தார். 1867 இல் அவை கனடாவிற் பொதுவிதிகளாயின. பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், 1880 இல், அந்நாட்டுச் சங்கம் பூர்வகுடி ஆட்டக்காரரையே போட்டியிலிருந்து விலக்கியது. பணம் பெற்று ஆடுகிறவர்கள் என்பது குற்றச்சாட்டு. பயணச் செலவைக் கைப்பொறுப்பில் ஏற்க வசதியற்றவர்கள் வேறு எவ்வாறு ஊர்விட்டு ஊர் சென்று ஆடுவது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. செல்வருடைய கழகங்களுக்கும், அங்கிருந்து செல்வருடைய பள்ளிகளுக்கும், கல்லூரிகளுக்கும் ஆட்டம் சென்றது. இன்றும் பால்ட்டிமோர், லோங் ஐலன்ட் முதலிய வசதிமிக்க புறநகர்களே அதன் கோட்டைகள்.

ஆட்டம் இயல்பாகவே வேரூன்றிய சிறு கல்லூரிகளும் சில உண்டு. நியூயோர்க் மாநிலத்திற் செனக்கா ஏரியின் வடகரையில் ஜெனீவா என்றொரு சிறு நகர் இருக்கின்றது. அவ்விடத்திற் செனக்கா மக்களின் கனடசாகா என்னும் ஊர் இருந்தது. 1779 இல் ஜெனரல் சல்லிவனின் படை அதை அழித்தது. அந்த ஜெனீவாவிலேதான் 1822 இல் ஹோபார்ட் கல்லூரி எழுந்தது. சிறு கல்லூரிகளுக்குரிய மூன்றாம் பிரிவின் தேசிய லக்ரோஸ் போட்டி 1980 இல் தொடங்கியபோது, முதற் பன்னிரண்டு ஆண்டுகளும் வெற்றி ஹோபார்ட் கல்லூரிக்கே. அத்தகைய கல்லூரியில் லக்ரோஸ் வேண்டுமா என்று கேட்பது நம்மூர்த் தேருக்கு வடம் வேண்டுமா என்று கேட்பது போலாகும். நமது கேள்வி ஹோபார்ட்டைப் பற்றியதன்று. தடியையே கண்டறியாத கல்லூரிகள், திடீரென அதனை ஏந்த விரும்புவது ஏன் என்பதே.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். கல்லூரி என்றதும் நமக்குப் பெரும்பாலும் நினைவுக்கு வருவது இளஞ்சிறார் முதலாகப் பயிலும் பெரிய பாடசாலை. அமெரிக்காவிற் சிறு கல்லூரி என்பது வேறு. ஆயிரம் அல்லது இரண்டாயிரம் மாணவர்கள் நான்கு ஆண்டு விடுதியில் தங்கி, இலக்கியம், தத்துவம், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றைப் பயின்று பட்டம் பெறும் தனியார் நிறுவனம் அது. பெரும்பாலும் ஏதாவதொரு திருச்சபையினால் நிறுவப்பட்டிருக்கும். ஒரு சிற்றூரின் பெருமையாக நிற்கும். இத்தகைய கல்லூரியோடு யாழ்ப்பாணத்துக்கு உள்ள உறவு பழையது. 1806 இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் வைக்கோற்போரின் அருகே கூடிச் செய்த பிரார்த்தனையிலிருந்தே அமெரிக்க மிஷன் முளைத்தது. அந்த மிஷன் அனுப்பிய டானியேல் பூவர் 1811 இல் டார்ட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர் தலைமையில் எழுந்த செமினரி, அந்தச் சிறு கல்லூரி மரபின் ஒரு கிளை. சி. வை. தாமோதரம்பிள்ளை பயின்ற அந்தக் கலாசாலை 1855 இல் மூடப்பட்டதும், கட்டடம் இடிந்ததனாலன்று. ஆங்கில உயர்கல்வி கொடுப்பதுதானா மிஷனின் வேலை என்ற கேள்வியை அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் கண்ட விடையினால் மூடப்பட்டது.

டார்ட்மத் பற்றி இன்னொரு செய்தி. 1818 இல் அக்கல்லூரியை மாநில அரசு தன்வசமாக்க முயன்ற வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் முன் வாதாடிய டானியேல் வெப்ஸ்டர், அது சிறியதோர் கல்லூரிதான், ஆனாலும் அதனை நேசிப்பவர்கள் இருக்கின்றார்கள் என்ற கருத்துப்படச் சொல்லி, நாத் தழுதழுக்க நின்றதாகக் கூறுவர். அமெரிக்காவிற் சிறு கல்லூரிக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இந்தக் கதையை எவராவது எடுத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இப்பொழுது அடிக்கடி சொல்லவேண்டியிருக்கின்றது.

ஏனெனில் ஆபத்து வந்துவிட்டது. 2007 இல் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த குழந்தைகள் 43 இலட்சத்துக்கு மேல். அதற்கு முன் ஒருபோதும் அத்தனை பேர் பிறந்ததில்லை. அடுத்த ஆண்டிற் பொருளாதார நெருக்கடி வந்தது, பிறப்புத் தொகை குறையத் தொடங்கியது, மீண்டும் ஏறவில்லை. 2007 இற் பிறந்த பிள்ளைக்கு 2025 இற் பதினெட்டு வயது. அதன் பின் ஆண்டுதோறும் கல்லூரி வாயிலுக்கு வரக்கூடியோர் தொகை சுருங்கும். கார்ல்ட்டன் என்ற சிறு கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் நேதன் கிராவே 2018 இல் வெளியிட்ட நூல் இந்தச் சரிவைக் கணித்துக் காட்டியபோது, கல்லூரி அதிபர்கள் பலர் தூக்கமிழந்தனர். வருகின்றவர்களிலும் ஆண்பிள்ளைகள் குறைவு. பட்டப்படிப்பு மாணவருள் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். எழுதிய கட்டணம் ஒன்று, வாங்கும் கட்டணம் வேறு என்பது மற்றொரு தொல்லை. தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்குத் தாம் அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மேலாகவே கழிவு கொடுத்து அவர்களை அழைக்கின்றன. நோயாளியின் நிலை இதுதான். வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டில் லக்ரோஸ் என்று காணப்படுகின்றது.

மருந்து வேலைசெய்யும் விதத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. உயர்நிலைப் பள்ளிகளில் இலட்சத்துக்கு மேற்பட்ட பையன்கள் லக்ரோஸ் ஆடுகின்றனர். பெரிய பல்கலைக்கழகங்களின் முதற்பிரிவிலோ எழுபது எண்பது கோஷ்டிகளே உண்டு. அங்கே இடம் கிடைக்காதவன், இன்னும் நான்கு ஆண்டு ஆடவேண்டும் என்ற ஆசையை எளிதில் விடுவதில்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் கொடுத்தல் விதிப்படி ஆகாது. ஆகவே, அந்தப் பையன் கட்டணம் செலுத்தியே வருவான். ஒருவனிடமிருந்து கழிவு போக ஆண்டுக்கு 20,000 டொலர் கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் என்றால் 8 இலட்சம் டொலர். பயிற்சியாளர் இருவரின் சம்பளம், பஸ் செலவு, உபகரணம், வைத்திய உதவி எல்லாமாக 3 இலட்சம் போனாலும் 5 இலட்சம் மிஞ்சும். புதிதாக ஒரு தத்துவப் பேராசிரியரை நியமித்தால் நாற்பது மாணவர் வருவார்களா என்று நிதியாளர் கேட்பார். அதற்குத் தத்துவப் பேராசிரியரிடமே விடையில்லை.

இந்த வழியில் முன்னே சென்றது மிச்சிகன் மாநிலத்து அட்ரியன் கல்லூரி. 1859 இல் நிறுவப்பட்டது. 2005 இல் ஜெப்ரி டொக்கிங் அதன் அதிபராக வந்தபோது மாணவர் தொகை ஆயிரத்துக்குக் கீழே இருந்தது. அவர் கடன் வாங்கி மைதானங்களும் பனித்தள அரங்கும் கட்டினார். லக்ரோஸ், ஐஸ் ஹொக்கி முதலிய கோஷ்டிகளைச் சேர்த்தார். ஒவ்வொரு பயிற்சியாளரும் ஆண்டுதோறும் இத்தனை மாணவரைக் கொண்டுவரவேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். சில ஆண்டுகளுள் மாணவர் தொகை 1,600 ஐத் தாண்டியது. 2015 இல் அவர் இம்முறையை விளக்கி நூலொன்றும் எழுதினார். இதனை ஏளனஞ்செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூடப்படவிருந்த வகுப்பறைகளில் விளக்கெரிந்தது. வேலையிழக்கவிருந்த ஆசிரியர்கள் வேலையிலிருந்தனர். இது சிறிய காரியமன்று.

ஆனால், ஒருவர் வீட்டுக் கிணற்றில் நீர் ஊறியதென்று ஊரார் எல்லோரும் அதே நீரோட்டத்திற் கிணறு தோண்டினால் என்ன ஆகும்? மூன்றாம் பிரிவில் ஆடவர் லக்ரோஸ் கோஷ்டி வைத்திருக்கும் கல்லூரிகள் இன்று இருநூறுக்கு மேல். பையன்களின் தொகை கல்லூரிகளின் தேவைக்கேற்ப வளர்வதில்லை. முதலிற் சேர்த்தவர்களுக்குக் கிடைத்த பயன் பின்னர் சேர்ப்பவருக்குக் கிடையாது என்பதைக் கூறப் பொருளியல் நிபுணர் வேண்டியதில்லை.

நாற்பது என்ற எண்ணையும் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். மைதானத்தில் ஆடுவோர் பதின்மர். மாறிமாறி இறங்குவோரைச் சேர்த்தாலும் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் ஆட்டத்துக்குத் தேவையில்லை. எஞ்சியோர் வாங்கில் அமர்ந்திருக்க வந்தவர்கள். அவர்களை அழைத்தது ஆட்டத்தின் தேவையன்று, நிதியாளரின் தேவை. இரண்டு ஆண்டு வாங்கிலிருந்த பையன் என்ன செய்வான்? அவன் அந்தக் கல்லூரிக்கு வேறொன்றுக்காகவும் வராதவன். ஆகவே போய்விடுவான். பதினைந்து பேர் ஆண்டுதோறும் வந்து, அவர்களுட் பாதிப்பேர் முதலாண்டு முடிவிற் போய்விட்டால், கோஷ்டியில் ஒருபோதும் நாற்பது பேர் நிறையமாட்டார்கள். அதன்பின் பயிற்சியாளர் ஆட்டம் கற்பிப்பவராக இருப்பதைவிட ஆள்பிடிப்பவராக இருக்கவேண்டியதுதான். போகின்ற பையனோ படிப்பும் முடியாமல், கடனும் தீராமல் வீடு திரும்புகின்றான். கணக்கேட்டில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை.

படிப்பின் பக்கத்தையும் பார்ப்போம். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் வில்லியம் போவன், ஜேம்ஸ் ஷுல்மன் என்பவரோடு சேர்ந்து 2001 இல் வெளியிட்ட ஆய்வு நூல், சிறு கல்லூரிகளின் ஆசிரியர்களிடையே பெரும் சலசலப்பை உண்டாக்கியது. விளையாட்டினாற் பாதிக்கப்படுவது ஆயிரக்கணக்கானோர் அரங்கிற் கூடிக் கூவும் பெரிய பல்கலைக்கழகமே என்றுதான் எவரும் நினைப்பர். உண்மை நேர்மாறானது. மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் நூறு மாணவரில் மூவரே கோஷ்டிகளில் இருப்பர். சிறந்த சிறு கல்லூரிகளிலோ ஆண் மாணவரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் கோஷ்டிக்காரர். அட்ரியன் போன்றவற்றில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். குளம் சிறிதானால் விழுகின்ற கல்லின் அலை கரை முழுவதையும் தொடும். கோஷ்டிக்கென அழைக்கப்பட்டவர்கள், தங்கள் பழைய புள்ளிகளைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க அளவிலும் குறைவாகவே கல்லூரியிற் புள்ளி பெற்றனர் என்பதும் அந்நூலின் முடிவுகளுள் ஒன்று.

இதற்குப் பையனின் மந்தபுத்தியைக் காரணம் சொல்வது அநியாயம். பிற்பகல் வேளையை யார் எடுத்துக்கொள்வது என்பதிலேதான் முடிச்சு இருக்கின்றது. இரசாயனச் செய்முறை வகுப்பு பிற்பகலில், பயிற்சியும் பிற்பகலில். லக்ரோஸ் இளவேனிற் காலத்து ஆட்டமாகையால், இறுதிப் பரீட்சைக்கு முந்திய வாரங்களிலே பஸ்ஸில் நான்கு மணி ஐந்து மணி நேரம் பயணம். செய்முறை வகுப்பைத் தவறவிட்டவன் அடுத்த ஆண்டில் அந்தப் பாடத்தையே விட்டுவிடுவான். இலகுவான பாடம் எது என்று மூத்த ஆட்டக்காரன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். நாளடைவிற் சில வகுப்புகள் கோஷ்டிக்காரரால் நிறையும். சில வகுப்புகள் வெறுமையாகும். வெறுமையான வகுப்புக்கு ஆசிரியர் எதற்கு என்று பின்னொருநாள் கேள்வி எழும். ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றிய சட்டமும் உண்டு. 1972 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம், அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்ற பேதம் காட்டலாகாது என்கின்றது. மாணவரிற் பத்துக்கு ஆறு பேர் பெண்களாக இருக்கும் கல்லூரி, நாற்பது ஆடவர்க்கு மட்டும் புதிதாக இடமுண்டாக்கினால், நியாயம் எங்கே என்று கேட்கப் பெண்களுக்கு உரிமையுண்டு. ஆகவே பெரும்பாலான கல்லூரிகள் பெண்களுக்கும் ஒரு லக்ரோஸ் கோஷ்டி சேர்க்கின்றன. செலவு இரட்டிக்கும். இதனைச் சில நிருவாகிகள் ஒரு முட்டுக்கட்டையாகப் பேசுவதைக் கேட்டால் வியப்பாக இருக்கின்றது. பெண்பிள்ளையும் கட்டணம் செலுத்தியல்லவா படிக்கின்றாள்?

இன்னும் ஒன்று வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. தடியும் கவசமும் வாங்கி, கோடைகாலப் பயிற்சி முகாம்களுக்குப் பணம் கட்டி, ஊரூராகப் பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் செல்லக்கூடிய குடும்பத்தின் பிள்ளைதான் பெரும்பாலும் இவ்வாட்டத்தைத் தேர்கின்றான். அத்தகைய குடும்பத்தால் கல்லூரிக் கட்டணமும் செலுத்த முடியும். ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு சோடி சப்பாத்துப் போதும். ஏழைப் பிள்ளையும் ஓடலாம். ஆயினும் நிருவாக சபைக்கு ஓட்டப் பந்தயம் நினைவுக்கு வராமல் லக்ரோஸ் நினைவுக்கு வருவது தற்செயலன்று.

இவ்வளவும் சொன்னபின், ஆட்டத்தை வெறுப்பவன் எழுதிய கட்டுரை இது என்று எவரும் எண்ணலாகாது. ஓரன் லயன்ஸ் என்பவரின் வாழ்க்கையை நோக்குங்கள். ஹோடினஷோனி மக்களுள் ஒனன்டாகா இனத்தவர் அவர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். படையிற் பணியாற்றித் திரும்பியவர். லக்ரோஸ் ஆட்டத்திறமைக்காகச் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. 1957 இல் ஒரு தோல்வியும் காணாத கோஷ்டியின் இலக்குக் காவலர் அவரே; பின்னர் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுணும் அதே கோஷ்டியில் ஆடினார். 1958 இல் லயன்ஸ் நுண்கலையிற் பட்டம் பெற்றார்; பிற்காலத்திற் பபலோவிற் பேராசிரியரானார்; தம் இனத்தாரின் உரிமைக் குரலாக உலக அரங்குகளிற் பேசினார்; 1983 இல் அவ்வினத்தாரின் தேசிய லக்ரோஸ் கோஷ்டியைத் தொடக்கியவர்களுள் ஒருவரானார். பந்து இல்லாவிட்டால் அந்த மனிதருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. சிரக்கியூஸ் சிறு கல்லூரியன்று என்பது மெய். எனினும் உள்ளே வந்த ஆட்டக்காரனைப் பற்றிக்கொள்வதற்கு அங்கே ஒரு நுண்கலைப் பகுதி இருந்தது.

அத்தகைய பகுதிகள் மெலிந்த இடத்திற் கோஷ்டியால் மட்டும் கல்லூரியைத் தாங்க முடியுமா? அலபாமா மாநிலத்திலிருந்த பேர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரியின் தொடக்கம் 1856. 2006 இல் அது முதற்பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்கத் தீர்மானித்தது, அமெரிக்கர் புட்போல் என்று சொல்லும் முரட்டுப் பந்தாட்டத்தைத் தொடங்கியது, லக்ரோஸும் சேர்ந்தது. கோஷ்டிகள் நன்றாகவே ஆடின. ஆனால் கடன் வளர்ந்தது. மாணவர் தொகை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அரசிடம் கேட்ட கடனும் கிடைக்கவில்லை. 2024 மே 31 ஆம் நாள் கல்லூரி மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்போல் கோஷ்டி ஒஹாயோ மாநிலத்தில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மார்பில் எழுதியிருந்த கல்லூரிப் பெயருக்கு அன்று மாலையில் முகவரி இல்லை. விளையாட்டினால் அக்கல்லூரி இறந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதன் நிதி நோய் பழையது, காரணங்கள் வேறு. விளையாட்டினால் அது பிழைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆகவே, லக்ரோஸ் கோஷ்டி வேண்டுமா என்று கேட்கும் கல்லூரியிடம் நாம் திருப்பிக் கேட்கவேண்டியது, வருகின்ற பையனை நான்காம் ஆண்டுவரை வைத்திருக்க உங்களிடம் என்ன இருக்கின்றது என்பதே. நல்ல நூலகமும், முழுநேர ஆசிரியரும், பிற்பகற் செய்முறை வகுப்பைக் காலைக்கு மாற்றும் மனமும் இருந்தால் கோஷ்டியை அமைக்கட்டும். வாங்கில் இருத்துவதற்காக எவரையும் அழையாமல், இருபத்தைந்து முப்பது பேரோடு அமைக்கட்டும். பெண்களின் கோஷ்டியை அதே நாளில் அமைக்கட்டும். வருகின்ற பணத்தில் இத்தனை பங்கு வகுப்பறைக்கு என்று முன்னரே எழுதிவைக்கட்டும். பயிற்சியாளரின் திறமையை முதலாண்டிற் சேர்ந்தோர் தொகையால் அளக்காமல், பட்டம் பெற்று வெளியேறியோர் தொகையால் அளக்கட்டும். இவை ஒன்றும் இல்லாமல், வேறு வழி தெரியவில்லை என்பதற்காக மட்டும் அமைப்பதாயின், வேண்டாம். அதைவிட ஸ்பெல்மன் கல்லூரி 2013 இற் செய்தது மேல். அட்லாண்டா நகரத்தில் உள்ள அந்தக் கறுப்பின மகளிர் கல்லூரி, கோஷ்டிகளில் ஆடும் சிலருக்காகச் செலவிட்ட பணத்தை நிறுத்தி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர் அனைவரதும் உடல்நலத்துக்காகத் திருப்பியது.

அமைத்த கோஷ்டியைப் பின்னர் எடுப்பதும் எளிதன்று என்பதை நிருவாக சபைகள் அறியவேண்டும். 2020 ஆம் ஆண்டிலே, மேலே சொன்ன ஹோபார்ட் கல்லூரி, முதற்பிரிவில் ஆடிவந்த தன் லக்ரோஸ் கோஷ்டியை மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர் கொதித்தெழுந்தனர், அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் அட்ரியன் கல்லூரி, சரித்திரம், நாடகம், சமயம் முதலிய பகுதிகளை மூடப்போவதாக அறிவித்தது. பதினைந்து ஆண்டுகளாகக் கோஷ்டிகளாற் பெருத்த அதே அட்ரியன்தான். அங்கேயும் மாணவரும் பழைய மாணவரும் எழுந்தனர், மனுக்கள் பறந்தன. சில நாட்களுள் அந்த அறிவிப்பும் மீட்டுக்கொள்ளப்பட்டது. சரித்திரப் பகுதி இருந்தது. அதற்காக மனு எழுதியவர்களுள், முதன்முதல் ஆட்டத்துக்காகவே அக்கல்லூரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எவராவது எண்ணியிருந்தால், நாம் இத்தனை பக்கம் எழுதியிருக்க வேண்டியதில்லை.